குன்றிமணிக் கணக்கு

இருபது காசில் தங்கம் கலந்திருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியபோது நான் ஐந்தாம் வகுப்பு. 1968லிருந்து வந்துகொண்டிருந்த, தாமரைப்பூ போட்ட மஞ்சள் காசு அது. ஒரு பைசா, இரண்டு பைசா, மூன்று பைசா எல்லாம் அலுமினியத்தில், ஊதினால் பறந்துவிடும்போல இருந்த காலம். அப்போது கைக்குக் கனமாக, வேட்டி நுனியால் துடைத்தாலே தகதகவென்று மின்னும் காசு ஒன்று வந்தால் ஜனங்களுக்கு ஆசை வராமல் என்ன செய்யும்? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகள் வரிசையாக இருந்த சந்து எங்களுடையது. கொலுசு வேலை நடக்கிற இடத்துக்குச் சட்டைப் பையில் இரண்டு இருபது காசைப் போட்டுக்கொண்டு, "மோதிரம் அடிச்சுக் குடுங்க" என்று வாலிபப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள்.

அப்பா ஒருவருக்கும் அடித்துக் கொடுக்கவில்லை. நயமாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். கூலியை இரட்டிப்பாகத் தருகிறேன் என்று நின்ற ஒருவரிடம் மட்டும், "அது முத்திரை விழுந்த சாமான் தம்பி. முத்திரை மேல சுத்தி வெக்க எனக்கு உத்தரவு இல்லை" என்றார். வேறு பட்டறைகளில் அடித்துக் கொடுத்தார்கள். அவர்களைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் அடித்தேன். அக்காவுக்காக. அவளுக்குப் பதினான்கு வயது. கழுத்திலும் காதிலும் பொட்டுத் தங்கம் கிடையாது. வெள்ளி வேலைக்காரன் வீட்டில் வெள்ளியே மிஞ்சாது, தங்கத்துக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்த பெண் ஒருத்தி இருபது காசு மோதிரம் போட்டுக்கொண்டு வந்ததை அவள் இரண்டு நாள் தொடர்ந்து சொன்னாள். வேண்டும் என்று கேட்கவில்லை, சொன்னாள், அவ்வளவுதான்.

அப்பா சாப்பிட்டுக் கண்ணயரும் மத்தியான நேரம். ஈயக் கட்டியின் மேல் காசை வைத்து, உளியை நடுவில் நிறுத்தி அடித்தேன். காசில் மோதிரம் செய்ய வேண்டுமென்றால் முதலில் நடுவைப் பெயர்த்தாக வேண்டும். ஒரு பக்கம் தாமரை, மறுபக்கம் சிங்கம், இரண்டும் நடுவில்தான் இருக்கின்றன. எந்த அழகுக்காக அந்தக் காசை எடுத்தேனோ அதுதான் முதல் அடியிலேயே சிதைந்தது. அதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பிறகு அரைவட்ட அரத்தால் உள்வட்டத்தை ராவி ராவி அகலப்படுத்தி, மோதிரம் தட்டுகிற கூம்பு இரும்பில் மாட்டி, மரச் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். விளிம்பு மடங்கி மோதிரமாக வந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்ததும் சத்தியமாகத் தங்கம்போலவே இருந்தது. மூன்று மத்தியானம் பிடித்தது.

அக்கா அதை ஒரு ராத்திரி போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் விரல் பச்சை பூத்திருந்தது. அப்பா அதைத்தான் பார்த்தார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பட்டறைப் பலகையில் உட்கார்ந்து என்னை எதிரில் உட்கார வைத்தார். "ராவுன தூள் எங்கே?" என்று கேட்டார். பட்டறையில் பிறந்தவனுக்குத் தூளை எறியத் தெரியாது. பலகை இடுக்கில் விழும் மண்ணைக்கூடப் பெருக்கி, அரிப்புக்காரர்களுக்கு விற்கிற தொழில் இது. நான் காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். அதில் ஒரு சிட்டிகை எடுத்து உரைகல் மேல் போட்டு, ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். தூள் பச்சையாக நுரைத்துக் கரைந்து போயிற்று. "தங்கமா இருந்தா அப்படியே கிடக்கும் கண்ணு. இது செம்பும் துத்தநாகமும்" என்றார்.

அப்புறம் தராசை எடுத்தார். குன்றிமணி போட்டு நிறுக்கிற சின்னத் தராசு. ஒரு தட்டில் மோதிரம், இன்னொரு தட்டில் பெட்டியிலிருந்து எடுத்த முழு இருபது காசு. காசு இருந்த தட்டு தாழ்ந்தது. மோதிரத் தட்டில் குன்றிமணியை ஒவ்வொன்றாக வைத்து, "நீ எண்ணு" என்றார். நான் எண்ணினேன். முள் நடுவில் வந்து நிற்க எத்தனை என்பது இப்போது நினைவில்லை. ஒவ்வொரு மணி விழும்போதும் கேட்ட சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. "இதை யாரு கொடுக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மோதிரத்தையும் தூளையும் வாங்கித் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார். அக்கா அழுதாள். என் மேல் அவளுக்குக் கோபமில்லை. அப்பா மேல்தான் இருந்தது, அதுவும் நெடுநாள் இருந்தது.

எனக்கு விளங்காத விஷயம் வேறொன்று. அப்பா தினமும் ரூபாயை உருக்கிக்கொண்டுதான் இருந்தார். ஆத்தூர் பக்கமிருந்தும் ஓமலூர் பக்கமிருந்தும் கிராமத்துப் பெண்கள் முந்தானையில் விக்டோரியா ராணி ரூபாயை முடிந்துகொண்டு வருவார்கள். பெண்ணுக்குக் கொலுசு வேண்டும், அரைமூடி வேண்டும். அப்பா ஒவ்வொன்றாக எடுத்துச் சுண்டிக் காதில் வாங்குவார். ராணி ரூபாயின் நாதம் நீண்டு நிற்கும். யுத்த காலத்து ஜார்ஜ் ரூபாய் சட்டென்று அடங்கிவிடும். முன்னதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940இல் வந்த பின்னதில் பாதிதான் வெள்ளி, மிச்சம் செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இரண்டையும் கலந்து உருக்கினால் கொலுசு கறுக்கும், கம்பி இழுக்கும்போது அறும். அதனால் தனித்தனியாகப் பிரித்து, "அம்மா, இது ஒன்பது அசல், இது நாலு மட்டம்" என்று அவர்கள் கண்முன்னே இரண்டு குவியலாக வைப்பார். மூசையில் போட்டு, வெங்காரம் தூவி, துருத்தி போட்டால் ராணியின் மூக்குதான் கடைசியாக மறையும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"அந்த ரூபாய உருக்குறீங்களே?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அது செத்த காசு. அதுக்கு இப்ப வெள்ளி விலைதான். உன்னோடது உசிரோட இருந்துச்சு" என்றார்.

அவர் சொன்னது சரி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நல்ல வெள்ளி ரூபாய்களை எல்லாம் யுத்தத்தின் நடுவிலேயே, 1940களின் தொடக்கத்தில், ஒவ்வொரு ராஜா தலையாகத் திரும்ப அழைத்துச் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் அந்த ரூபாய் எங்கள் பக்கத்தில் சாகவில்லை. எடையாக உயிரோடு இருந்தது. அது சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். மூன்று ரூபாய் எடை ஒரு பலம். நாட்டு மருந்துக்கடையில் திப்பிலியையும் சித்தரத்தையையும் 'அரை ரூபாய் எடை' என்றுதான் கேட்போம். தங்கத்துக்கும் இதே கதைதான். இன்றைக்கும் 'சவரன்' என்றும் 'பவுன்' என்றும் எட்டு கிராமுக்கு விலை சொல்கிறோமே, அது இங்கிலாந்துப் பொற்காசின் பெயர். காசுமாலையில் கோத்துக் கோத்து, காசின் பெயரே எடையின் பெயராகிவிட்டது. ராஜா முத்திரை என்பது வேறொன்றுமில்லை, 'இதை நீ நிறுக்க வேண்டாம், நான் நிறுத்திருக்கிறேன்' என்கிற வாக்கு. விளிம்பில் வரி வரியாகப் பல் வெட்டுவதும் அந்த வாக்கைக் காப்பாற்றத்தான். ஓரத்தைச் சீவினால் பல் காட்டிக் கொடுத்துவிடும்.

நான் மோதிரம் அடித்த காலத்தில் ஊரெல்லாம் சில்லறைப் பஞ்சம். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கி எழுதிக் கொடுப்பார். மளிகைக் கடையில் மீதிக்கு மிட்டாய் கொடுத்தார்கள். காசின் முகவிலையைவிட உலோகத்தின் விலை ஏறிவிட்டால் காசு கடையை விட்டுப் பட்டறைக்கு நடந்து போய்விடும். எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் அது அப்படித்தான். 1971இல் நாடாளுமன்றம் சின்னக் காசுகளை உருக்குவதையும் அழிப்பதையும் பதுக்குவதையும் தடுக்கவே தனியாக ஒரு சட்டம் போட்டது. பத்திரிகையில் அதை வாசித்துவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் வராத குறை. போலீஸ் வந்து பெட்டியைத் திறந்தால் அதில் நான் செய்த மோதிரம் இருக்கும், பிடிபடுவது அப்பாவாக இருப்பார் என்ற பயம் அந்த வருஷம் முழுக்க என்னோடு படுத்து என்னோடு எழுந்தது.

எங்கள் பாட்டியிடம் இதைச் சொல்லித்தான் ஆறுதல் அடைந்தேன். என் தம்பியின் அரைஞாண் கயிற்றில் அவள் ஓட்டைக் காலணா ஒன்றைக் கோத்திருந்தாள். 1943லிருந்து ஐந்து வருஷம் அடித்த காசு அது. யுத்தத்தில் செம்பு மிச்சம் பிடிக்க அக்கசாலையிலேயே நடுவில் ஓட்டை போட்டு விட்டார்கள். பழைய காலணாவில் பாதிக் கனம்கூட இல்லை. "தொரையே ஓட்டை போட்டுத்தான குடுத்தான். நீ போட்டா மட்டும் என்ன?" என்றாள் பாட்டி. அப்பா உள்ளேயிருந்து, "அவன் போட்டா அது காசு, இவன் போட்டா அது தூள்" என்று பதில் கொடுத்தார். நான் வளர்ந்த பிறகு இந்த விஷயம் குறித்து எத்தனையோ பேர் சொல்லக் கேட்டாயிற்று. இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

பட்டறையில் எதிர்காலமில்லை என்று அப்பாவே என்னைப் படிக்க வைத்தார். 1980களின் தொடக்கத்தில் ஒரு வங்கியில் காசாளனாகச் சேர்ந்தேன். பதவி உயர்வுப் பரீட்சைக்குச் சட்டம் படிக்க வேண்டியிருந்தது. அப்போது நடப்பிலிருந்த 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் நாணயக் குற்றங்களைப் பற்றி ஓர் அதிகாரம் இருந்தது. காசு என்றால் என்ன என்று சொல்லி அது உதாரணங்கள் கொடுத்தது: சோழி காசு அல்ல, முத்திரையில்லாத செம்புக் கட்டியைப் பணமாகப் புழங்கினாலும் அது காசு அல்ல, பதக்கம் காசு அல்ல, கம்பெனி ரூபாய் காசுதான். அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது செவ்வாய்ப்பேட்டைப் பலகையில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. எடையைக் குறைப்பதும் உலோகத்தை மாற்றுவதும் குற்றம் என்று அடுத்த பிரிவுகள் சொல்லின. ஆனால் 'மோசடியாக, நேர்மையின்றி' என்ற சொற்கள் முன்னால் நின்றன. ஓரம் சீவிவிட்டு முழுக்காசாகத் தள்ளிவிடுகிறவனை, ஒரு காசுக்கு வேஷம் கட்டி இன்னொரு காசாக நடமாட விடுகிறவனைத்தான் அந்தச் சட்டம் தேடியது. அதாவது அது மனசைக் கேட்டது. என் மனசில் மோசடி இல்லை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்றைய சட்டம் அப்படிக் கேட்பதில்லை. 2011இன் நாணயச் சட்டம் பழைய 1906 சட்டத்தையும், அந்த 1971 சட்டத்தையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியது. காசை உருக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, பரிமாற்றத்துக்கு அல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. உருக்கிய காசையோ சிதைந்த காசையோ வைத்திருப்பதும் கூடாது. தண்டனை ஏழு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. காரணம் இல்லாமல் இவ்வளவு கடுமை இல்லை. நம் ரூபாய்க் காசுகளை மூட்டை மூட்டையாக வங்கதேச எல்லை தாண்டிக் கடத்தி, உருக்கிச் சவர பிளேடு செய்கிறார்கள் என்று செய்திகள் வந்த காலம் அது. அந்த வியாபாரிகளுக்குப் போட்ட வேலி அது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வேலியின் எழுத்தை அப்படியே எடுத்தால், பேரன் இடுப்பில் பாட்டி கோத்த காசும், குலசாமிக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசும் அதற்குள்தான் வருகின்றன. அதற்காக எந்தப் பாட்டியையும் யாரும் பிடித்ததில்லை. இருந்தாலும் மனசைக் கேட்கிற அந்தச் சொற்களைப் புதிய சட்டம் விட்டிருக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

நோட்டு விஷயத்தில் நானே குற்றவாளிகளில் ஒருவன். நூறு நோட்டு எண்ணிக் கட்டு போட்டால், மேல் நோட்டின் வெள்ளை ஜன்னலில், நீர்க்குறி இருக்கிற அந்த இடத்தில், எண்ணிக்கையைப் பேனாவால் எழுதிக் கையொப்பக் குறி போடுவது அப்போது காசாளர் வழக்கம். நானும் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அப்புறம் கட்டுக்குக் குண்டு பின் அடிப்போம். பிரிக்கும்போது விரல் கிழியும், நோட்டு அதைவிட அதிகமாகக் கிழியும். 1999இல் ரிசர்வ் வங்கி தூய நோட்டுக் கொள்கையைக் கொண்டுவந்து, 2001 நவம்பரில் பின் அடிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. ஜன்னலில் எழுதவும் கூடாது என்றார்கள். காகிதப் பட்டை கட்டிப் பழகினோம். கள்ள நோட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்க்க இருக்கிற ஒரே ஜன்னலை இத்தனை வருஷம் நாங்களே மையால் அடைத்தோம் என்று நினைக்கும்போது இன்றைக்கும் கூசுகிறது.

ஒரு அம்மாள் நினைவுக்கு வருகிறார். அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. முறத்தில் வைத்து, மேலே துணி மூடி, குழந்தையைத் தூக்கி வருவதுபோலக் கொண்டுவந்தார். ஐம்பதும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், ஒரே துண்டாக எண்பது சதவீதத்துக்கு மேல் பரப்பு இருந்தால் முழு மதிப்பு, நாற்பதிலிருந்து எண்பது வரை என்றால் பாதி, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டை நோட்டின் மேல் வைத்துக் கட்டங்களை எண்ணினேன். அவர் வாய்க்குள் என்னோடு சேர்ந்து எண்ணினார். ஒரு நோட்டு விளிம்பில் நின்றது. மூன்று முறை எண்ணினேன். அதே கவுன்டரில், அரசியல் கோஷம் எழுதிய நோட்டை ஒருவர் மாற்றக் கொண்டுவந்தபோது விதிப்படி மறுக்க வேண்டியிருந்தது. அரசியல், மதப் பிரசாரம் எழுதிய நோட்டுக்கும், வேண்டுமென்றே வெட்டிக் கிழித்த நோட்டுக்கும் மாற்றுப் பணம் கிடையாது. ஒரு பிள்ளை கணக்குப் போட்டுக் கிறுக்கிய நோட்டு அப்படியல்ல, அது செல்லும். இங்கே சட்டம் இன்னும் மனசைக் கேட்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். நம் ஒரு ரூபாய் நோட்டு, சட்டத்தின் கண்ணில், காசு. அதை வெளியிடுவது மத்திய அரசு, ரிசர்வ் வங்கி அல்ல. கையெழுத்து நிதித்துறைச் செயலாளருடையது. 2011 சட்டத்தின் விளக்கத்திலேயே அது நாணயம் என்று எழுதியிருக்கிறது. உருக்க முடியாத காசு அது ஒன்றுதான்.

அப்பா 1994இல் இறந்தார். நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் கேட்டார்கள். நான் தேடிப் புதுக் காசாக எடுத்துக் கொடுத்தேன். மயானத்தில் எரியூட்டுமுன் அந்தக் காசை எடுத்து வெட்டியானிடம் கொடுத்தார்கள். அவர் அதைக் கண்ணில் ஒற்றி மடியில் செருகிக்கொண்டார். உயிரோடு இருந்த காசு, சந்தைக்குத் திரும்பிப் போயிற்று. அப்பாவுக்கு அது சம்மதமாகவே இருந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்து பட்டறைப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே என் மோதிரம், உளியில் பெயர்ந்த நடுத்துண்டு, ராவிய தூள். தாமரையின் இரண்டு இதழ் அந்தத் துண்டில் இன்னும் தெரிந்தது. மேலே அப்பா கையெழுத்தில் 'இருபது பைசா' என்று மட்டும் எழுதியிருந்தது. மோதிரம் என்று எழுதவில்லை.

2011 ஜூன் 30ஓடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாமல் போயின. புதிய சட்டம் செல்லும் காசைத்தான் காசு என்கிறது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "இப்ப போட்டுக்கலாம்க்கா. செத்த காசு" என்றேன். அவள் விரலில் ஏறவில்லை. சுண்டுவிரலிலும் பாதி வரைதான் போயிற்று. சிரித்துவிட்டு, "அப்பா தராசு கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டாள். காரில் இருந்தது.

ஒரு தட்டில் மோதிரம், துண்டு, தூள் எல்லாம் கொட்டினேன். மறு தட்டில் அவள் பூஜை டப்பாவில் கிடந்த தாமரைக் காசு ஒன்று. முள் கொஞ்சம் சாய்ந்தே நின்றது. அக்கா குன்றிமணி ஒன்றை எடுத்துத் தூளின் மேல் வைத்தாள். அது அதிகமாகிவிட்டது. எடுத்தால் குறைந்தது. உரைகல்லில் திராவகம் தின்ற சிட்டிகை அது. அவள் மணியைக் கையில் வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.